ஒரே வலை மீன்

மூன்றாவதாகக் கர்னல் என்ற நாயும் மீனை முகர்ந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டபோது, இனி யோசிக்க ஒன்றுமில்லை என்று டெல்மாவுக்கு ஆகிவிட்டது. யாரோ செய்கிற வேலைதான். யாரென்பதும் அவளுக்குத் தெரியும்.

ஜனவரி பதினொன்றாம் தேதி, பூஜ்யத்துக்குக் கீழே நாற்பத்து நான்கு. யூக்கான் ஆற்றங்கரையில் டோலாக்கெட் என்ற சிற்றூரின் முப்பது வீட்டுப் புகையும் ஓர் உயரம் வரை நேராகப் போய், எதிலோ முட்டிக்கொண்டதுபோல் அங்கேயே தட்டையாகப் படுத்துக் கிடந்தது. வெயில் தெற்கு மேட்டுக்கு மேல் வந்தால் ஒரு மணி நேரம்கூட நிற்காத காலம். அந்த வெளிச்சத்துக்குள் நாய்களைப் பார்த்து முடித்துவிட வேண்டும். முதலில் ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் கையை விட்டு வைக்கோல் காய்ந்திருக்கிறதா என்று தடவுவாள். மூச்சு பட்டு நனைந்து உறைந்திருந்தால் வாரி வெளியே போட்டுப் புதுசு திணிப்பாள். பிறகு காது நுனி, வால் நுனி, ஆண் நாய்களுக்குத் தொடையிடுக்கு. குளிர் முதலில் கடிப்பது அங்கேதான். கல்லாக உறைந்த கழிவை இரும்புப் பாரையால் பெயர்த்துத் தள்ளுவாள். எல்லாம் முடிந்த பிறகுதான் கோடாலியைக் கையில் எடுப்பாள்.

உறைந்த மீன்மேல் கோடாலியின் முதல் வெட்டு விழுந்ததும் பதினொரு நாயும் சங்கிலி முனை வரை பாய்ந்து வந்து ஊரைக் கூட்டும். போன மாதம் வரை அப்படித்தான் இருந்தது. டஃபி செத்தது டிசம்பர் இருபத்தேழு. பிளம் ஜனவரி நான்கு. மிச்சம் ஒன்பதில் இன்று எழுந்து நின்றவை ஆறு. மற்ற மூன்றும் பெட்டி வாசலில் இருந்தபடியே பார்த்தன.

கர்னல், பனிமேல் இழுத்துப் போகும் சறுக்கு வண்டிக்கு மிக அருகில் கட்டுகிற நாய். பாரம் முழுக்க அதன் தோளில்தான். ஒருமுறை டெல்மாவின் புருஷன் வில்பர்ட்டின் தோல் கையுறையைத் தின்றுவிட்டு, மறுநாள் விரல் விரலாக வெளியே போட்ட வயிறு அது. அந்த நாய் மீன் துண்டை முகர்ந்து, மேல் உதட்டைச் சுருக்கி, திரும்பிக்கொண்டது. திரும்பும்போது பின்கால் இரண்டும் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டன. கழுத்து தன் நெஞ்சைத் தானே பார்க்க விரும்புவதுபோல் கீழே வளைந்திருந்தது. டஃபிக்கும் பிளம்முக்கும் இப்படித்தான் தொடங்கியது.

டெல்மா வீட்டுக்குள் வந்து, கையுறையைக் கழற்றாமலே, அடுப்புக்குப் பக்கத்தில் தொங்கிய நாட்காட்டியில் எழுதினாள்: கர்னல், இல்லை. நவம்பரிலிருந்து அவள் அதில் எழுதி வருகிறாள். எந்த நாய் முழுதும் தின்றது, எது பாதி, எது தொடவில்லை. ஒவ்வொரு கட்டத்திலும் பொடி எழுத்து. கொஞ்ச நாளாக வேறொன்றையும் எழுதுகிறாள். ஏமோஸ் எந்தெந்த நாள் இந்தப் பக்கம் வந்தார் என்பது.

ஏமோஸ், வில்பர்ட்டின் பெரியப்பா மகன். வில்லோ புதருக்கு அந்தப் பக்கம் வீடு. அவருக்குப் பதிமூன்று நாய்கள். நாலு வருஷம் முன்னால் அவர் வீட்டில் ஒரு குட்டி, மற்றவை குடித்து மிச்சம் வைத்த பாலைக் குடித்து, எலி மாதிரி இருந்தது. இதை வைத்து என்ன செய்ய என்று அவர் சொல்லிக்கொண்டிருந்தபோது வில்பர்ட் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டு வந்தான். அதுதான் மிட்டன். இப்போது அணியின் முன்னோடி. பனிப்புயலில் தடம் மறைந்தாலும் காலடியிலேயே தடத்தைத் தேடிப் பிடிக்கும். போன மார்ச் ஊர்ப் பந்தயத்தில் ஏமோஸின் அணியை ஆற்றின் கடைசி வளைவில் தாண்டிப் போனது. அதற்கப்புறம் ஏமோஸ் மூன்று தடவை வந்து, மிட்டனை என் கறுப்பனோடு சேர்ப்போம், குட்டியில் பாதி உனக்கு என்று கேட்டார். இந்த வருஷம் வேண்டாம், அடுத்த வருஷம் என்று வில்பர்ட் சிரித்துக்கொண்டே மறுத்தான். அந்தச் சிரிப்பைத்தான் டெல்மா இப்போது அடிக்கடி நினைத்துக்கொள்கிறாள். கொஞ்சம் குறைவாகச் சிரித்திருக்கலாம்.

வில்பர்ட் ஜன்னலோரம் மாவுக்கட்டுப் போட்ட காலைப் பெஞ்சில் நீட்டி உட்கார்ந்திருந்தான். நவம்பர் ஒன்பதாம் தேதி, விறகுக்கு வெட்டிய மரம் நினைத்த பக்கம் விழாமல் தொடைமேல் விழுந்தது. கட்டைப் பிரிக்கப் பிப்ரவரி பாதியாகும். அதன் பிறகு ரோமத்துக்காக மிருகங்களைப் பிடிக்கிற பொறித்தடத்துக்குப் போக வேண்டும். எண்பது மைல் பொறிகள் பனிக்கடியில் கிடக்கின்றன. மோட்டார் பனிவண்டி இரண்டு வருஷமாக எஞ்சின் இல்லாமல் வீட்டுக்குப் பின்னால் நிற்கிறது. நாய்கள் இருந்தால் போகலாம், இல்லாவிட்டால் இல்லை. பொறியில்லாத குளிர்காலம் எப்படி இருக்கும் என்று இருவருமே பேசியதில்லை.

"கர்னலுமா?" என்றான்.

"ம்."

"நான் பாத்தேன். கால் பின்னுது." ஜன்னல் கண்ணாடியின் உறைபனியை நகத்தால் சுரண்டி ஓட்டையைப் பெரிசாக்கினான். "அவன் நாய்ங்க கத்தறது கேக்குதா? ஒண்ணுகூட இருமல. தும்மல. கல்யாண வீடு மாதிரி கத்துதுங்க."

அதுதான் டெல்மாவையும் அரித்தது. இரண்டு வீட்டுக்கும் ஒரே தீனி. சால்மன் பிடிக்கக் கூடாது என்று ஆற்றை மூடி ஐந்து வருஷமாகிறது. காயவைத்துக் கட்டுக்கட்டாய், வெளியே கால் நட்டுக் கட்டிய பரணில் ஏற்றிவைத்த நாய்ச் சால்மன் எல்லாம் தீர்ந்துவிட்டது. குளிர்காலத்தில் பனிக்கட்டிக்குக் கீழே போட்ட வலைதான் கதி. அந்த வலையும் இரண்டு வீட்டுக்கும் பொது. நாலு நாளைக்கு ஒருமுறை ஏமோஸ் ஒரு துளையிலும் இவர்களில் ஒருவர் மறு துளையிலும் நின்று தூக்குவார்கள். வெள்ளை மீன், பர்பட், கீழ்நோக்கிய வாயுடைய முள் மீன். எல்லாவற்றையும் பனிமேல் கொட்டி, உனக்கொன்று எனக்கொன்று என்று கையால் தள்ளிப் பிரித்துக்கொள்வார்கள். ஒரே வலை மீன். அதைத் தின்று அந்தப் பக்கம் பதிமூன்றும் கொழுக்கின்றன. இந்தப் பக்கம் ஒவ்வொன்றாகச் சாகின்றன. அப்படியென்றால் மீனில் இல்லை. மீனுக்கும் நாய்க்கும் நடுவில் எதுவோ நடக்கிறது.

அதற்கு அவளிடம் சாட்சியும் இருந்தது. ஜனவரி ஆறாம் தேதி காலை, பரணில் வைத்திருந்த மூட்டைத் தீனியின் ஓரம் கிழிந்திருந்தது. மீனோடு நாய்க்கு ஒரு கைப்பிடி சேர்ப்பதற்காக வாங்கிய கடைத் தீனி. கீழே பனியில் பூட்ஸ் தடம். இடது குதிகாலில் ஒட்டுப்போட்ட பூட்ஸ். அந்த ஊரில் குதிகாலில் ஒட்டுப்போட்ட பூட்ஸ் ஒன்றுதான். தடம் வில்லோ புதரிலிருந்து வந்து, மிட்டனின் பெட்டி வரை போய், அங்கே வெகுநேரம் நின்று மிதித்துவிட்டுத் திரும்பியிருந்தது. டெல்மா யாரையும் கேட்கவில்லை. மூட்டையை அப்படியே இழுத்துக்கொண்டு போய்க் கழிப்பறைக் குழியில் கொட்டினாள். மீன் குவியலை முன்கூடத்துக்குள் கொண்டுவந்து கதவுக்குப் பூட்டுப் போட்டாள். டோலாக்கெட்டில் பூட்டு விற்பது கிடையாது. பனிவண்டிச் சங்கிலியின் பூட்டை எடுத்து மாட்டினாள். அன்றிலிருந்து அவள் கையால் வெட்டிய மீனைத் தவிர வேறெதுவும் நாய்கள் வாயில் படவில்லை.

அப்படியும் கர்னல் விழுந்துவிட்டது.

பதின்மூன்றாம் தேதி வலை தூக்கும் நாள். போகவே வேண்டாம் என்றுதான் நினைத்தாள். ஆனால் போகாவிட்டால் மீன் இல்லை. முன்பு மூடிவைத்திருந்த ஊசியிலைக் கிளைகளையும் பனியையும் விலக்கி, இரவில் உறைந்ததைப் பாரையால் குத்தி, சில்லுகளைச் சல்லடைக் கரண்டியால் அள்ளி எறிந்தார்கள். ஏமோஸ் அந்தத் துளையில், இவள் இந்தத் துளையில். நடுவில் அறுபதடி பனிக்கட்டி. வலை வெளியே வந்ததும் நூல் விறைத்துக் கம்பியாகிவிடும். அதற்குள் மீனைக் கழற்ற வேண்டும். வெறுங்கையால் இரண்டு மீன், பிறகு கையை அக்குளில் வைத்து ஐம்பது எண்ண வேண்டும், மறுபடி இரண்டு மீன். ஏமோஸ் எண்ணுவதில்லை. அவருடைய கைகள் பழைய வேர் மாதிரி இருந்தன.

மீனைப் பிரிக்கும்போது அவள் ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தாள். அவர் தள்ளியதை எடுக்காமல், அவர் தன் பக்கம் வைத்துக்கொண்டதிலிருந்து எடுத்தாள். ஏமோஸ் பார்த்தார். புருவத்தில் படிந்திருந்த உறைபனியைக் கையுறையால் துடைத்துக்கொண்டார்.

எல்லாம் சாக்கில் கட்டிய பிறகு, நாய்கள் எப்படி இருக்கின்றன என்று கேட்டார். அவருக்குத் தெரியாததுபோல் கேட்டது அவளுக்கு எரிந்தது. உங்களுக்குத் தெரியாதா என்று திருப்பிக் கேட்டாள். அவர் சாக்கின் முடிச்சை இன்னும் இறுக்கினார்.

"வில்பர்ட்டும் படுத்துட்டான். விறகுக்கு நீ ஒருத்தி எத்தனை பேரு வேல செய்வ? எங்க வீட்ல நாய்த் தீனிக்கு எப்படியும் டிரம் எரியுது. ரெண்டு வாளி தண்ணி சேத்து ஊத்துனா உங்க நாய்ங்களுக்கும் ஆச்சு. தெனமும் வந்து எடுத்துட்டுப் போ."

டெல்மா தன் சாக்கை இழுத்துச் சறுக்குப் பலகையில் போட்டாள். வெளியே இருந்து வைக்கிறது போதாமல் இப்போது வாளி வாளியாகவே ஊற்றித் தரப் பார்க்கிறார். வேண்டாம் மச்சான், எங்க நாய்க்கு நாங்களே போட்டுக்கறோம் என்று சொல்லிவிட்டு, பலகையின் கயிற்றைத் தோளில் மாட்டி இழுத்துக்கொண்டு நடந்தாள். பின்னால் அவர் கிளைகளை எடுத்துத் துளையை மூடும் சத்தம் கேட்டது. அவளுடைய துளையையும் அவரே மூடிக்கொண்டிருந்தார்.

கர்னல் பதினைந்தாம் தேதி மத்தியானம் செத்தது. சாவதற்கு முன் உடம்பை வில்லாய் வளைத்து, ஓடுவதுபோல் நாலு காலையும் காற்றில் அடித்தது. வில்பர்ட் ஊன்றுகோலோடு வாசல் வரை வந்து, படியிறங்க முடியாமல், கதவைப் பிடித்தபடி நின்று பார்த்தான். அதன் கண் திறந்தே இருந்தது. கண்மணி முழுக்கக் கறுப்பு.

டெல்மா உள்ளே போனாள். சுவரில் இருந்த ரேடியோவின் மைக்கை எடுத்தாள். எல்லா வீட்டிலும் காலையிலிருந்து படுக்கும் வரை அது திறந்தே இருக்கும். காணாமல் போன கையுறை, விமானம் வருமா, யார் வீட்டில் சூப் என்று ஊர் முழுக்க அதில்தான் பேசிக்கொள்ளும். அவள் பொத்தானை அழுத்தினாள்.

"எங்க மூணாவது நாய் செத்துப்போச்சு. விஷம். குதிகால் ஒட்டுப்போட்ட பூட்ஸ் யாருதுன்னு எல்லாருக்கும் தெரியும். நாயைப் பிளேன்ல அனுப்பறேன். டாக்டர் அறுத்துப் பாத்துச் சொல்லட்டும். அப்ப பேசிக்கலாம்."

பொத்தானை விட்டாள். ரேடியோ கரகரத்தது. அரை மணி நேரம் யாருமே எதுவும் பேசவில்லை. டோலாக்கெட் ரேடியோ அவ்வளவு நேரம் சும்மா இருந்து அவள் கேட்டதில்லை.

மறுநாள் தபால் விமானத்தில் கர்னலைத் தார்ப்பாயில் சுற்றி நகரத்து நாய் டாக்டருக்கு அனுப்பினாள். அந்த ஐந்து நாளும் ஊர் அவளிடம் பார்த்துப் பார்த்துப் பேசியது. கடையில் ஏமோஸின் மனைவி கோரா நின்றிருந்தாள். ஊர் மருத்துவ நிலையத்தில் ஊசி போடுகிறவள். டெல்மா உள்ளே வந்ததும், எடுத்த டீத்தூளை அலமாரியிலேயே வைத்துவிட்டு வெளியே போய்விட்டாள். குற்றமுள்ள வீட்டுப் பெண் அப்படித்தான் போவாள் என்று டெல்மா நினைத்துக்கொண்டாள். குற்றமில்லாத வீட்டுப் பெண்ணும் அப்படித்தான் போவாள் என்பது வீடு வந்து சேர்ந்த பிறகு தோன்றியது. அதை வில்பர்ட்டிடம் சொல்லவில்லை.

இருபத்தொன்றாம் தேதி போன் வந்தது. டாக்டர் ஒரு பெண். ஹால்வர்சன் என்று பெயர். அவசரமில்லாத குரல். டெல்மா சமையல் மேடையருகே நின்று, பென்சிலைக் கையில் பிடித்துக்கொண்டாள். போலீசுக்குச் சொல்ல வேண்டியதை எழுதிக்கொள்வதற்காக.

"விஷம் எதுவும் இல்லைங்க," என்றார் டாக்டர். "நல்லாத் தேடிப் பாத்துட்டேன். நாய்க்கு என்ன போடறீங்க?"

"மீன்."

"என்ன மீன்?"

டெல்மா சொன்னாள்.

"வேக வெச்சா?"

"இல்ல. வெட்டிப் பச்சையா. உறைஞ்சபடிக்கு."

"எப்பலேருந்து?"

அவள் நாட்காட்டியைத் தூக்கி, அடியில் தொங்கிய போன வருஷத்ததைப் பார்த்தாள். நவம்பர் பக்கம். ஒன்பதாம் தேதி, வில்பர்ட் கால். பத்து, பதினொன்று, அக்கம்பக்கத்தில் யாரோ நாய்களுக்குச் சூப் வைத்தது. பன்னிரண்டாம் தேதிக் கட்டத்தில் அவள் கையெழுத்தில் இருந்தது: இன்றிலிருந்து நான். வெட்டிப் போட்டேன். நன்றாகத் தின்றன.

டாக்டர் நிதானமாகச் சொல்லிக்கொண்டே போனார். சால்மனைப் பச்சையாகவோ காயவைத்தோ போடலாம், ஒன்றும் ஆகாது. ஆனால் அவள் சொன்ன வலை மீன்களின் சதையில் ஒன்று இருக்கிறது. அது நாயின் உடம்பில் இருக்கிற வைட்டமின் ஒன்றைத் தின்றுவிடும். அந்த வைட்டமின் இல்லாமல் நரம்பு நிற்காது. பசி போகும், கால் பின்னும், வலிப்பு வரும். நன்றாகக் கொதிக்க வைத்தால் அந்த ஒன்று செத்துவிடும், மீன் நல்ல தீனியாகிவிடும். கடைத் தீனி கூடக் கொஞ்சம் கொடுத்திருந்தால் இத்தனை வேகமாக வந்திருக்காது என்றார். டெல்மா கழிப்பறைக் குழியை நினைத்தாள்.

பிறந்ததிலிருந்து நாய்களோடு இருக்கிறாள். தடத்தில் போகும்போது உறைந்த சால்மனைக் கோடாலியால் வெட்டிப் போடாத நாள் உண்டா. நாய்க்கு மீன் என்றால் மீன். வில்பர்ட் வலை மீனைக் கொதிக்க வைப்பதைப் பார்த்திருக்கிறாள். குளிருக்கு நாய்கள் வெறும் தண்ணீர் குடிக்காது, மீன் வாசனைக்காகக் குடிக்கும், அதற்காகத்தான் அந்த வேலை என்று நினைத்திருந்தாள். அவனும் அப்படித்தான் நினைத்திருந்தான். அதனால் அவள் தண்ணீரைத் தனியாகச் சுடவைத்து, மீன் எண்ணெய் இரண்டு சொட்டு விட்டுக் கொடுத்தாள். விறகு மிச்சம் என்று தன்னைத் தானே மெச்சிக்கொண்டாள்.

"இன்னிக்கே வேக வெச்சுக் குடுக்க ஆரம்பிங்க," என்றார் டாக்டர். "ஊசி மருந்து உங்க ஊரு மருத்துவ நிலையத்துலயே இருக்கும். அங்க இருக்கறவங்ககிட்ட நான் பேசறேன். நிக்க முடியாத நாய்ங்களுக்கு முதல்ல. நாளைக்குன்னு தள்ளாதீங்க."

அன்று காலை மிட்டன் எழுந்து நிற்கவில்லை.

வில்பர்ட் உள்ளறையில் தூங்கிக்கொண்டிருந்தான். விறகுக் குவியலைப் போய்ப் பார்த்தாள். வீட்டு அடுப்புக்கு நாலு நாளைக்கு வரும். பனிக்குள் புதைந்து கிடந்த டிரம்மைத் தோண்டி, அத்தனையையும் போட்டு எரித்தால் ஒரு வேளை தீனி வேகும். அப்புறம் வீடு உறையும். வில்லோ புதருக்கு மேலே ஏமோஸ் வீட்டு டிரம்மின் ஆவி வெள்ளையாய்ச் சுருண்டு ஏறிக்கொண்டிருந்தது. இரண்டு வாளியை எடுத்துக்கொண்டாள். குறுக்கு வழியாகப் போகாமல், எல்லோரும் பார்க்கிற பெரிய தடம் வழியாகச் சுற்றிக்கொண்டு போனாள். ஏன் என்று அவளுக்கே தெரியவில்லை.

ஏமோஸ் துடுப்பால் டிரம்மைக் கிளறிக்கொண்டிருந்தார். மீன், அரிசி, கரடிக் கொழுப்பு. நாய்கள் அவளைப் பார்த்துக் குரைத்தன. அவர் நிமிரவில்லை. டெல்மா போனில் கேட்டதை ஒன்றுவிடாமல் சொன்னாள். சொல்லச் சொல்ல அவளுடைய மூச்சு முகத்துணியில் உறைந்து விறைத்தது. முடித்துவிட்டு, தப்பு என்னோடதுதான் மச்சான் என்றாள்.

ஏமோஸ் துடுப்பை டிரம்மின் விளிம்பில் சாய்த்து வைத்தார்.

"பூட்ஸ் தடம் என்னோடதுதான்," என்றார். "கோட்டுப் பையில கயிறு வெச்சிருந்தேன். மிட்டனை அவுத்துட்டுப் போயி, மூணு நாளு கறுப்பனோட விட்டுட்டு, திருப்பிக் கட்டிடலாம்னு. கிட்டப் போனதும் அது வாலை ஆட்டுச்சு. என்னமோ நான்தான் சோறு போடறவன் மாதிரி. அப்புறம் கயிறு கைக்கு வரல. நின்னேன், வந்துட்டேன்."

"மூட்டை?"

"மூட்டை எனக்குத் தெரியாது."

டெல்மா அவர் முகத்தைப் பார்த்தாள். நம்பலாமா என்று இப்போதும் மனசுக்குள் ஒன்று எட்டிப் பார்த்தது. அது அவர் கண்ணில் பட்டிருக்க வேண்டும். அகப்பையை எடுத்து டிரம்முக்குள் அடி வரை முக்கி, ஊதி, அந்த நாய்க் கஞ்சியில் ஒரு வாய் அவளுக்கு நேராக நின்று குடித்தார். முள் ஒன்று வந்தது. துப்பினார். தாடியில் வழிந்தது அங்கேயே உறைந்தது. பிறகு இரண்டு வாளியையும் நிரப்பி, மூடியை அழுத்தி, அவள் பக்கம் நகர்த்தினார்.

"சூடு போறதுக்குள்ள போ."

அவள் வாசலுக்கு வந்தபோது ஜன்னலின் உறைபனி ஓட்டையில் வில்பர்ட்டின் கண் இருந்தது. முதல் வாளியை மிட்டனின் கிண்ணத்தில் சாய்க்கும்போதே கதவு திறந்தது. அவன் ஊன்றுகோலால் படியை ஓங்கி அடித்தான்.

"எவன் வீட்டுத் தீனி அது? உனக்குப் புத்தி கெட்டுப்போச்சா? கொட்டு கீழ."

"உள்ள போ. கால்ல பனி ஏறும்."

"கொட்டுன்னு சொல்றேன்."

டெல்மா மிட்டனின் தலையை மடியில் தூக்கிவைத்து, கஞ்சியை விரலில் தொட்டு அதன் ஈறில் தடவினாள். தலையைத் தூக்காமல்தான் சொன்னாள்.

"அவரு ஒண்ணும் பண்ணல. மூணையும் கொன்னது நான். பச்சை மீனைப் போட்டு. நாட்காட்டியில எழுதியிருக்கு, போய்ப் படிச்சுப் பாரு."

மிட்டனின் நாக்கு ஒருமுறை அசைந்து விரலை நக்கியது.

"நான் ஜன்னல்லேருந்து தெனமும் பாத்துட்டுதான இருந்தேன்," என்றான் வில்பர்ட். "நீ வெட்டிப் போடறத. அவ வேலைய எவ்ளோ சுருக்கா முடிக்கறான்னு நெனச்சேன்." கதவைச் சாத்தாமலே உள்ளே போனான். குளிர் உள்ளே புகுந்ததும் அவனே திரும்பி வந்து சாத்த வேண்டியதாயிற்று. அதற்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

வெளிச்சம் மங்குவதற்குள் கோரா வந்தாள். கோட்டுக்குள் மார்போடு அணைத்து மருந்துப் புட்டிகளை உறையாமல் கொண்டுவந்திருந்தாள். டெல்மாவின் முகத்தைப் பார்க்காமல் ஊசியில் மருந்தை இழுத்தாள்.

"என் புருஷன் விஷம் வெக்கறவன், நான் ஊசி போடறவ. நல்ல குடும்பம். பயமில்லன்னா நாயோட காலைப் புடிச்சுக்க."

டெல்மா பிடித்துக்கொண்டாள். கோரா எட்டு நாய்க்கும் போட்டு முடித்தாள். போகும்போது, ரேடியோவில் ஒன்று சொல்ல வேண்டியது பாக்கியிருக்கிறது என்று மட்டும் சொன்னாள்.

டெல்மா சொன்னாள். விஷம் இல்லை, மீனை நான் வேக வைக்கவில்லை, ஏமோஸ் மச்சான்மேல் சொன்னது தப்பு. மைக்கைக் கையில் வைத்துக்கொண்டு பதிலுக்குக் காத்திருந்தாள். கொஞ்சம் கழித்து யாரோ ஒரு ஆள், நாளைக்கு விமானம் வருமா, யாருக்காவது தெரியுமா என்று கேட்டார். வராது என்றது இன்னொரு குரல்.

ஆறு பிழைத்தன. மிட்டன் மூன்றாம் நாள் எழுந்து நின்றது. ஐந்தாம் நாள் நடந்தது. ஆனால் தலை ஒரு பக்கம் சாய்ந்தே இருந்தது. கூப்பிட்டால் குரல் வந்த திசைக்குக் கொஞ்சம் தள்ளிப் பார்த்தது. இனி முன்னால் கட்ட முடியாது என்று வில்பர்ட் ஜன்னலிலிருந்தே சொல்லிவிட்டான். நடுவில் கட்டலாமோ என்று டெல்மா கேட்டாள். பார்க்கலாம் என்றான்.

தினமும் அவள் வாளிகளோடு போனாள். விறகுக்குப் பதிலாக ஏமோஸின் நாய்ப் பெட்டிகளுக்கு வைக்கோல் மாற்றிக் கொடுத்தாள். அவர் வேண்டாம் என்றும் சொல்லவில்லை, செய் என்றும் சொல்லவில்லை. ஆனால் தினமும் வாளியை நிரப்புவதற்கு முன் அகப்பையை முக்கி ஒரு வாய் குடித்தார். இரண்டாம் நாள் அவள், ஐயோ, வேண்டாம் மச்சான் என்றாள். காதில் விழாததுபோல் குடித்தார். நாலாம் நாள் அவள் வேறு பக்கம் பார்த்துக்கொண்டாள். அவர் அவள் திரும்பும் வரை அகப்பையோடு காத்திருந்து, பிறகு குடித்தார்.

பத்தாம் நாள் அவர் அகப்பையைத் தூக்கியதும் டெல்மா கையுறையைக் கழற்றிவிட்டு அதை அவர் கையிலிருந்து வாங்கினாள். முக்கி, ஊதாமலே ஒரு வாய் குடித்தாள். நாக்கு பொத்துப்போனது. மீன் கசந்தது. கொழுப்பு மேலண்ணத்தில் ஒட்டியது. முழுங்கினாள்.

"உப்பே இல்ல," என்றாள்.

"நாய்க்கு யாரு உப்பு போடுவா," என்றார் ஏமோஸ். வாயோரம் கொஞ்சம் அசைந்தது சிரிப்பாலா, குளிராலா என்று தெரியவில்லை. அகப்பையைத் திருப்பி வாங்கி, அன்று குடிக்காமலே இரண்டு வாளியையும் நிரப்பிக் கொடுத்தார்.

அவள் நேர்வழியாகவே, வில்லோ புதருக்குள் புகுந்து நடந்தாள். பாதித் தூரத்தில் கைப்பிடி உறுத்தியது. கை மாற்றுவதற்காக வாளிகளைக் கீழே வைத்தாள். வைத்தவள் எடுக்கவில்லை. இன்று அவர் குடிக்கவில்லையே என்ற நினைப்பு எங்கிருந்தோ வந்தது. நான்தான் குடித்தேனே என்று உடனே அதற்குப் பதிலும் சொல்லிக்கொண்டாள். ஆனால் அவள் குடித்தது வாளியை நிரப்புவதற்கு முன்னால். கை தானாகப் போய் மூடியைத் திறந்தது. ஆவி முகத்தில் அடித்தது. மீன், அரிசி, கொழுப்பு. துழாவிக்கூடப் பார்த்தாள். மீன், அரிசி, கொழுப்பு. மூடியைப் போட்டுவிட்டு நிமிர்ந்தாள்.

இலையில்லாத வில்லோ குச்சிகளுக்கு அந்தப் பக்கம் ஏமோஸ் டிரம்மின் பக்கத்தில் நின்று இவளைப் பார்த்துக்கொண்டிருந்தார். கையில் துடுப்பு இருந்தது. பிறகு குனிந்து நெருப்பைக் கிளறத் தொடங்கினார்.

மறுநாள் அவள் போனபோது, அகப்பையை அவள் கைக்கு எட்டாத பக்கம் வைத்திருந்தார். டிரம்மின் அடி வரை முக்கி, ஊதி, ஒரு வாய் குடித்துவிட்டுத்தான் வாளியை நிரப்பினார்.